கடைசி பஸ்ஸுக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் ஏதாவதொரு ரியூட்டறி வாசலில் பின்னேரம் ஆறு மணிக்கு நின்று பாருங்கள். வகுப்பு விடக் கால் மணித்தியாலம் இருக்கும்போதே ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிள்கள் சேரத் தொடங்கிவிடும். தகப்பன், தாய், அண்ணன், சில வேளை அம்மப்பா. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பிள்ளையை ஏற்றிப்போக வந்தவர்கள். அந்தப் பிள்ளைகளிற் பலர் காலையில் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸிலேதான் போயிருப்பார்கள். பொழுதுபட்டதும் அதே பிள்ளைக்கு பஸ் இல்லை. இருந்தாலும் வருமா வராதா என்று தாய்க்கு நிச்சயமில்லை. ஆகவே ஒரு பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் கணக்குப் படிப்பதற்காக, வீட்டில் ஒருவர் கைவேலையைப் போட்டுவிட்டு இரண்டு முறை வீதிக்கு வரவேண்டியிருக்கிறது.

பொதுப் போக்குவரத்தைப் பற்றிய பேச்சு நம்மிடம் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையிலேயே முடிந்துவிடும். எத்தனை பஸ் புதிதாக வந்தது, எத்தனை கிலோமீற்றர் காபற் போட்டார்கள், ரயிலில் எத்தனை குளிரூட்டிய பெட்டி. இந்தக் கணக்கை வைத்து ஒரு சேவையை எடைபோட முடியாது. வீட்டை விட்டு வெளிக்கிடும் மனிதர் திரும்பி வருவதைப் பற்றியே முதலில் யோசிக்கிறார். திரும்ப வழியில்லாவிட்டால், காலையில் பத்து பஸ் ஓடினாலும் அவர் மோட்டார் சைக்கிளைத்தான் எடுப்பார். எனவே நான் கேட்கப்போகும் கேள்விகள் மூன்று. கடைசி வண்டி எத்தனை மணிக்கு? அதை எவ்வளவு நம்பலாம்? அதைத் தவறவிட்டவருக்கு வேறென்ன வழி? குடாநாட்டின் ரயிலையும் பஸ்ஸையும் சைக்கிளையும் படகையும் இந்தக் கேள்விகளோடு பார்ப்போம்.

அதற்கு முன் நிலத்தைப் பற்றி ஒரு சொல். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கு மேல். மாநகர சபை எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 88 ஆயிரம். ஆறில் ஐந்து பங்குக்கு மேற்பட்டோர் நகரத்துக்கு வெளியே இருந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் கடைத்தெருவுக்கும் நகரத்துக்கு வந்து போகிறார்கள். ஆகவே இங்கே நகரப் போக்குவரத்து என்றால் அது குடாநாட்டுப் போக்குவரத்துத்தான். வீதிகளின் அமைப்பு இதற்கு வாய்ப்பானது. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, மானிப்பாய் வழியாகக் காரைநகர் வீதி, பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போகும் ஊர்காவற்றுறை வீதி, கண்டி வீதி என்று எல்லாம் நகரத்திலிருந்து விசிறியாய் விரிகின்றன. அவற்றின் இரு பக்கமும் வேலியும் மதிலும் சூழ்ந்த ஒழுங்கைகள். மேடு பள்ளம் இல்லை. ஒழுங்கையைச் சைக்கிளால் கடந்து மூலவீதியில் பஸ் ஏறுவதற்கு இதைவிடப் பொருத்தமான நிலத்தை யாரும் வரைந்துகூடத் தர முடியாது.

ரயிலை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றிய பெருமிதம்தான் நம்மிடம் அதிகம். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990 யூனில் பாதையே நின்றது. இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் பாதையை மீளமைக்க, 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி ரயில் மறுபடி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை போனது. அன்று நிலையத்தில் நின்று அழுதவர்களை நான் அறிவேன். அந்தக் கண்ணீரை மதித்துக்கொண்டே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ரயில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கான ரயில். கொக்குவிலில் இருந்து சுன்னாகத்துக்குப் போகிறவருக்கு அது பெரும்பாலும் கேற்றை அடைத்துவிட்டுக் கடந்துபோகும் ஓசை மட்டுமே.

இந்தப் பாதையின் பிறப்பு அப்படியிருக்கவில்லை. 1902 மார்ச்சில் வடக்கின் முதல் ரயில் ஓடியது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில். கொழும்போடு இணைந்தது 1905இல்தான். குடாநாட்டுக்குள்ளே ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்குவதே இந்தத் தண்டவாளத்தின் முதல் வேலையாக இருந்தது. அது எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். காங்கேசன்துறை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில், யாழ்ப்பாணம், நாவற்குழி, சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம். சுன்னாகமும் சாவகச்சேரியும் கொடிகாமமும் பெரிய சந்தைகள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை. கொக்குவிலில் தொழில்நுட்பக் கல்லூரி. பல்கலைக்கழகமும் அங்கிருந்து சைக்கிள் தூரந்தான். இவ்வளவையும் கோர்த்த ஒரு பாதையில் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள், அதுவும் தென்னிலங்கையின் நேரத்தை வைத்து ஓடுகின்றன. இரண்டு பஸ் உடல்களை முதுகோடு முதுகாகப் பொருத்தித் தண்டவாளத்தில் விடும் ரயில் பஸ்ஸை இலங்கை ரயில்வே வேறு இடங்களில் ஓட்டியிருக்கிறது. காங்கேசன்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் அப்படி இரண்டு வண்டிகள் காலையும் மாலையும் போய்வருவதற்குப் புதுப் பாதை போட வேண்டியதில்லை.

ஆனாலும் ரயிலே நமக்கு விடிவு என்று என்னால் எழுத முடியாது. அது ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில் காத்துநின்றே விலக வேண்டும். காவலில்லாத கடவைகளில் போன உயிர்கள் பல. வண்டி கூடினால் அந்தக் கடவைகளுக்கு முதலில் கேற் போட வேண்டும். வடமராட்சிக்குத் தண்டவாளமே கிடையாது, தீவகத்துக்கும் இல்லை. கையிலிருந்தும் பயன்படுத்தாத சொத்து என்பதே ரயிலைப் பற்றிய என் மதிப்பீடு.

பாரத்தை உண்மையில் சுமப்பது பஸ்தான். அதன் கதை வேறு விதமானது. 1958 சனவரியில் பஸ் சேவை தேசியமயமானபோது சீ.ரீ.பி. என்ற மூன்றெழுத்து ஊரூராகப் போனது. 1979க்குப் பிறகு தனியாருக்கும் கதவு திறந்தது. இன்று இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ்ஸும் தனியார் மினி பஸ்ஸும் ஒரே வீதியில் ஓடுகின்றன. பருத்தித்துறைக்குப் போகும் 750ஐ அறியாத வடமராட்சியார் இல்லை. இவற்றுக்கெல்லாம் முன்னோடியான தட்டிவானையும் சொல்லத்தான் வேண்டும். மரத்தட்டி அடித்த அந்தப் பழைய வண்டி ஆட்களோடு வாழைக்குலை, தேங்காய், வெங்காயச் சாக்கு எல்லாவற்றையும் ஏற்றியது. கொடிகாமம்–பருத்தித்துறை வீதியில் அது நெடுங்காலம் நின்றுபிடித்தது. சந்தைக்குப் போகிற பெண்ணுக்கு என்ன தேவை என்பதைத் தெரிந்துகொண்டு செய்த வண்டி அது. இன்றைய மினி பஸ்ஸில் ஒரு கடகத்தை வைக்க இடமில்லை.

பகலில் மூலவீதிகளில் பஸ் போதாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சில வேளைகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வந்துவிட்டு, பிறகு அரை மணித்தியாலம் ஒன்றும் வராது. முன்னால் போகிற பஸ்ஸை முந்தி அடுத்த தரிப்பிடத்து ஆட்களை அள்ளுவதற்காக ஓட்டம். பின்னால் வருவது இன்னும் ஆள் சேரட்டும் என்று ஊரல். இதற்குச் சாரதியையும் நடத்துனரையும் திட்டுவது எளிது. அன்றைய ரிக்கற் காசிலிருந்து அன்றைய சம்பளம் வரும் தொழிலில் வேறெப்படி நடக்கும்? ஓடிய கிலோமீற்றருக்குப் பணம் கொடுத்தால் பஸ் நேரத்துக்கு ஓடும். ஏற்றிய தலைக்குப் பணம் கொடுத்தால் தலைக்குத்தான் ஓடும். பள்ளிப் பிள்ளைகள் கைகாட்டியும் நிற்காமற் போகும் பஸ்ஸும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. சீசன் ரிக்கற் இ.போ.ச. பஸ்ஸில் மட்டுமே செல்லும். அதுவும் அந்த நடைக்குக் கைக்காசாக வருவதில்லை.

நிர்வாகத்தின் பிளவு இதற்கு மேலே நிற்கிறது. ரயில் மத்திய அரசிடம். இ.போ.ச.வும் மத்திய அரசிடம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்கள், பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, மாகாணத்தின் வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம். தீவுகளுக்கான அரச படகு இன்னொரு நிறுவனத்திடம். இந்த நான்கையும் ஒரே மேசையில் வைத்து நேரம் எழுதுகிறவர் யாருமில்லை. இணைந்த நேர அட்டவணை என்ற சொல் எத்தனை வருடமாக நம் காதில் விழுகிறது! யாழ்ப்பாணத்தில் நெடுந்தூரச் சேவைக்கென்று தனியான பஸ் நிலையம் கட்டித் திறந்தும், இ.போ.ச.வும் தனியாரும் அங்கே ஒன்றாக நின்று ஓடுவதில் இணக்கம் காண முடியாமல் சண்டையும் பணிப்புறக்கணிப்பும் நடந்தன. இரு தரப்புக்கும் நியாயங்கள் இருக்கலாம். பொட்டலியோடு எந்த நிலையத்துக்குப் போவதென்று தெரியாமல் நின்ற பயணிக்கு அந்தச் சண்டையில் தரப்பே கிடையாது.

என் அளவுகோலுக்கு வருகிறேன். இருட்டிய பின் உள்வழித் தடங்களில் பஸ் அருகிப்போகிறது. இரவு ஏறினால் மூலவீதிகளும் வெறிச்சோடுகின்றன. இது ஏன்? ஆளில்லை, அதனால் பஸ்ஸில்லை என்று சொல்வார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. 1990களிலிருந்து யுத்தம் முடியும்வரை, இடையிடையே தளர்ந்தாலும், இரவு என்பது நமக்கு ஊரடங்கின் நேரமாக இருந்தது. பொழுதுபட முன் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். பஸ்ஸும் அதற்கேற்பவே ஓடியது. ஒரு தலைமுறை முழுவதும் இரவுப் பயணமே தெரியாமல் வளர்ந்தது. ஊரடங்கை எடுத்தார்கள். அதற்கு அமைத்த நேரத்தை மட்டும் யாரும் திருத்தி எழுதவில்லை. இடையில் ஊர் மாறிவிட்டது. கடைகள் ஒன்பது மணிவரை திறந்திருக்கின்றன. தனியார் வைத்தியசாலைகளில் வைத்தியர்கள் பின்னேரமும் இரவும் நோயாளரைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் பின்னேர வகுப்புக்குப் போகிறார்கள். பஸ் மட்டும் பழைய காலத்துப் பொழுதுக்கே வீடு போய்ச் சேர்கிறது.

அந்த இடைவெளியில் வந்து நின்றது மோட்டார் சைக்கிள். 2009க்குப் பிறகு கண்டி வீதி திறந்ததும் லீசிங் கம்பனிகள் ஒவ்வொரு சந்தியிலும் பலகை மாட்டின. நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் இன்று மோட்டார் சைக்கிள்தான். அதை வாங்கியவர்களை நான் குறை சொல்லவில்லை. கூலிக்குப் போகிற ஒருவர் தவணைக் காசைக் கட்டி அதை வாங்குவது ஆடம்பரத்துக்காக இல்லை. ஆனால் அதை ஓட்ட முடியாதவர்களின் பட்டியலைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள். யுத்தத்தில் கால் இழந்தவர்களிற் பலர். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே தனியே இருக்கிற தாய் தகப்பன். குடாநாட்டில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இப்படி வீடுகள் உண்டு. இவர்களுக்கு மிஞ்சுவது ஓட்டோ. பஸ் கட்டணத்தின் பல மடங்கைக் கொடுத்து கிளினிக்குக்குப் போகும் முதியவர், பிறகு ஒரு தவணை கிளினிக்கைத் தவிர்க்கிறார். பஸ் இல்லாமையின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது. எந்தக் கணக்கேட்டிலும் அது பதியப்படுவதில்லை.

இனிச் சைக்கிள். இதைப் பற்றி எழுதும்போது நான் என்னையே கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே வண்டி ஒரு பழைய லுமாலா. பெற்றோல் கிடையாது, கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றதெல்லாம் சைக்கிள். விறகு, நெல்மூட்டை, நோயாளி, கலியாணப் பெண், சவப்பெட்டி எல்லாம் சைக்கிளில் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோதும், மழையில், கரியரில் கட்டிய மூட்டையோடு உருட்டிச் சென்றது சைக்கிளைத்தான். அதை நினைத்து இன்று சிலர் அந்தக் காலத்தைப் பொற்காலம் போலப் பேசுகிறார்கள். அது தவறு. வேறு வழியில்லாமல் மிதித்ததைத் தெரிவு என்று சொல்லக்கூடாது. 2022இலும் அப்படித்தான். யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றானபோது மூலைக்குள் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. கியூ.ஆர். அட்டை வந்து வரிசை குறைந்ததும் மறுபடி மூலைக்குப் போயின.

நெருக்கடியில் வருவதும் நெருக்கடி தீரப் போவதும் சைக்கிளின் குற்றமில்லை, வீதியின் குற்றம். காபற் போட்டதும் வேகம் கூடியது. வீதியை அகலிப்பதற்காக நிழல் தந்த மரங்களைத் தறித்தோம். அகலித்த இடம் முழுவதையும் வாகனத்துக்கே கொடுத்தோம். சைக்கிளுக்கென்று வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மிஞ்சியது வடிகால் மூடியும் மண்ணும். சித்திரை வெயிலில் அந்த ஓரத்தில், பின்னால் நெடுந்தூர பஸ் ஹோண் அடிக்க, மகளைச் சைக்கிளில் அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? நம் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு முதன்முதல் தனியே வெளியே போய்வரும் துணிவைத் தந்தது சைக்கிள். வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக வரிசையாகப் போன அந்தப் பிள்ளைகள் வீதியிலிருந்து குறைந்துவருவதை வளர்ச்சி என்று என்னால் எண்ண முடியவில்லை.

ஒல்லாந்தர் 1658இலிருந்து 1795வரை நம்மை ஆண்டார்கள். கோட்டையின் இன்றைய வடிவமும் சட்டமும் அவர்களிடமிருந்து வந்தன. அவர்களுடைய இன்றைய நாட்டில் ரயிலேற வருகிறவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நிலையத்துக்குச் சைக்கிளில் வருகிறார்கள். அந்த நாடும் நம்மைப்போலத் தட்டை நிலந்தான். கூடுதலாக அவர்கள் செய்தது, நிலைய வாசலில் சைக்கிளைப் பூட்டிவைக்கக் கூரை போட்ட இடமும், நிலையம்வரை தனிப் பாதையும். கோண்டாவில் நிலையத்திலோ நெல்லியடிச் சந்தியிலோ அப்படி ஒரு கொட்டகைக்கு ஆகும் செலவு எந்த வீதி ஒப்பந்தத்திலும் தெரியவே தெரியாது.

தீவகத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது தனியாக எழுதவேண்டிய விடயம். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடும் மிதவையை நாங்கள் “பாதை” என்றே அழைக்கிறோம். பழுதடைந்தால் கண்ணெதிரே தெரியும் கரைக்கு மக்கள் பண்ணை வழியாகச் சுற்றிவர வேண்டும். நெடுந்தீவார் குறிகட்டுவானில் படகைத் தவறவிட்டால் அன்றிரவு வீடில்லை. கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெற்றோ, தீவு மக்களுக்குப் படகையும் நகர ரயிலையும் ஒரே அட்டையில் இணைத்தது. அந்தப் படகுகளின் விலையை நாம் நினைக்க வேண்டாம். இணைப்பை மட்டும் நினைப்போம்.

நம்மால் முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் நல்லூரைக் காட்டுவேன். ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. தேருக்கும் தீர்த்தத்துக்கும் இலட்சக்கணக்கில் சனம் வருகிறது. அயல் வளவுகள் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் விடும் இடங்களாகின்றன. முதியவர்கள், கைக்குழந்தைக்காரர், அடியழிப்பவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு வீதியின் நடுவே நடக்கிறார்கள். இரவு பத்து மணிக்கும் பெண்கள் அச்சமில்லாமல் நடந்துபோகிறார்கள். மாநகர சபை ஒழுங்கு செய்கிறது, மக்கள் அதற்கு இணங்குகிறார்கள். ஒழுங்கை முன்கூட்டியே அறிவித்து, சொன்னபடி நடத்தினால் யாழ்ப்பாணத்தார் வண்டியை விட்டுவிட்டு நடப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

வெறும் பஸ்ஸை இரவில் ஓட்டினால் நட்டம் யாருக்கு என்ற கேள்வி நியாயமானது. அதைத் தனியார் உரிமையாளரின் தலையில் கட்டக்கூடாது. இதற்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் மாணவருக்கு “சிசு செரிய” போல, இரவுச் சேவைக்கென்று மானியத்தோடு ஓடும் “நிசி செரிய” என்ற திட்டம் உண்டு. புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்; குடாநாட்டுத் தடங்களுக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும். தமிழ்நாடு 2021 மே மாதத்தில் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. அதைவிடச் சிறிய காரியம்தான் இது.

எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தபின் என் தீர்ப்பைச் சொல்கிறேன். குடாநாட்டின் பொதுப் போக்குவரத்து பாதி நாளுக்கான சேவை. பகலில் தேறும்; இரவில் தோற்கிறது; இரவில் தோற்பதால் பகலிலும் ஆட்களை இழக்கிறது. புதிய வண்டி வாங்குவதும் வீதியை இன்னும் அகலிப்பதும் இதைத் தீர்க்கமாட்டா. ரயிலின் உள்ளூர் ஓட்டமும் சைக்கிள் ஓரமும் அவசியமானவை, ஆனாலும் அவை இரண்டாவது. முதலாவது ஒரே நேர அட்டவணை, அதில் எழுதிய கடைசி பஸ். வாகன இறக்குமதி 2020இலிருந்து ஐந்து ஆண்டுகள் தடைப்பட்டிருந்து 2025இல் மறுபடி திறந்துவிட்டது. அந்த இடைவேளையை வீணாக்கினோம், இனியும் பிந்தினால் மீளாது.

மாகாண அதிகார சபையிடமும் இ.போ.ச.வின் கோண்டாவில், பருத்தித்துறை, காரைநகர்ச் சாலைகளிடமும் நான் கேட்பது இதுதான். பருத்தித்துறைக்கும் காங்கேசன்துறைக்கும் காரைநகருக்கும் கொடிகாமத்துக்கும், யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து இரவு ஒன்பதரைக்கு ஒவ்வொரு பஸ். நேரத்தை நிலையச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு வருடத்துக்கு, எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்க்காமல் ஓட்டுங்கள். கார்த்திகை மழையில் ஒருவர்கூட ஏறாத இரவிலும் அந்த நான்கு பஸ்ஸும் ஒன்பதரைக்கு வெளிக்கிட வேண்டும்.